தொண்டைமானாறு: ஆறில்லாத நாட்டில் ஓர் ஆற்றுத்துறை

கேட்கப்பட்டது இதுதான்: "யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பிறகு தொண்டைமானாறு என்ற பெயர் எப்படி வந்தது? அங்கே ஒரு காலத்தில் கப்பல் வந்து போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் அந்தத் துறைமுகம் எங்கே போயிற்று?"

சுருக்கமான பதில்: அது ஆறல்ல. கப்பல் வந்தது உண்மை. துறைமுகத்தை யாரும் ஒரே நாளில் அழிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் போரைக் காரணம் சொல்வது நமக்குப் பழகிவிட்டது, ஆனால் போர் வந்து சேர்ந்தபோது அந்தத் துறையில் முக்கால்வாசி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. விரிவாகச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நான் உடுப்பிட்டிப் பக்கம் வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை என்றால் சந்நிதி முருகன் கோயில், சந்நிதி என்றால் அந்தத் தண்ணீர். ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆறு. குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடியது வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மழைக்கு மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் போய்ச் சேரும். கோடையில் அதன் நடுவில் மாடு மேயும். நமது மண் சுண்ணக்கல் மண். பெய்கிற மழையைக் கல் குடித்துவிடும். மேலே ஓட மிச்சம் இருக்காது. தொண்டைமானாறு என்பது கடல்நீரேரி ஒன்றின் வாய். வடமராட்சி கிழக்கின் மணற்திட்டிகளுக்குப் பின்னால் தொடங்கி, கடற்கரைக்கு இணையாக வடமேற்கே நீண்டு வந்து, வல்லைவெளியைத் தாண்டி, வடகடலில் திறக்கிறது. வடமராட்சியைத் தென்மராட்சியிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் பிரிப்பது இந்த நீர்தான். வல்லைவெளியில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த நீரின் அகலம் காலிலேயே தெரியும். முனியப்பர் கோயிலடியில் இறங்கிக் கும்பிடுகிறவர்களில் பாதிப்பேர் மூச்சு வாங்க இறங்குகிறவர்கள் என்பது என் எண்ணம்.

பெயருக்குக் காரணம் சொல்வது யாழ்ப்பாண வைபவமாலை. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், எழுதியது. அது சொல்லும் கதை இப்படிப் போகிறது. கரணவாய், வெள்ளப்பரவை முதலிய இடங்களில் உப்பு தானாகவே விளைகிறது. அதை அள்ளிப்போகத் தொண்டைமான் வருகிறான். மரக்கலம் உள்ளே வந்து நிற்க வசதியாக, சிறு நீரோட்டமாகக் கிடந்ததை வெட்டி ஆழமாக்குகிறான். அதனால் தொண்டைமானாறு. இந்தத் தொண்டைமானை முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் என்று அடையாளம் சொல்வது வழக்கம். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடுகிற அதே ஆள். உரும்பிராயில் கருணாகரப் பிள்ளையார் என்றொரு கோயில் இருக்கிறது. அதையும் அவன் கணக்கில்தான் ஊர் எழுதி வைத்திருக்கிறது.

இதில் எவ்வளவை நம்பலாம்? எனக்குப் படுவதைச் சொல்கிறேன். குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1070இல். அதே ஆண்டுவாக்கில்தான் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையிலிருந்து சோழரை வெளியேற்றினான். அதாவது இலங்கையில் சோழர் பிடி விட்டுப்போகிற காலம் அது. ஆளவந்த படைத்தலைவன் ஒருவன் ஆற்றை வெட்டினான் என்பதைவிட, உப்புக்காக வந்த கலங்கள் உள்ளே நுழைய வாயை அகலமாக்கினார்கள் என்பது நம்பக்கூடியதாக இருக்கிறது. கதையும் உண்மையில் அதைத்தான் சொல்கிறது. ஊர்வாயில் வரும்போது "தொண்டைமான் ஆறு வெட்டினான்" என்று சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். முழு ஆற்றையும் வெட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. நீர் ஏற்கெனவே அங்கே இருந்தது. தேவைப்பட்டது ஒரு வாய்.

அந்த வாய் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை வடகரையில் நின்று பார்த்தால்தான் விளங்கும். பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை வரை கரையோடு கற்பார், அதாவது கடலுக்குள் கல்வரிசை, ஓடுகிறது. அலை அதில் மோதி உடையும். பாரில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் தோணி உள்ளே வரலாம். அந்த இடைவெளியை நம் ஊர்களில் "வான்" என்பார்கள். வான் இருக்கிற இடத்தில் துறை. துறை இருக்கிற இடத்தில் ஊர். சோழகக் காலத்தில், வைகாசியிலிருந்து ஆவணி புரட்டாதி வரை, தென்மேற்குக் காற்று நிலத்துக்கு மேலாகத்தான் வருகிறது. வடகரை அப்போது குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் காற்று திரும்பும். வாடை நேரே கரையைப் பார்த்து அடிக்கும். அப்போது பாருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் கயிறு அறுந்தால் கல்லில்தான் வந்து ஏறும். பெரிய கலங்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் ஒதுக்கினார்கள். சிறியவற்றுக்கு ஓர் ஆற்றுவாய் போதும். பெரிய துறைமுகம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொண்டைமானாற்றைப் பார்க்கக்கூடாது. அது காற்றுக்கு ஒதுங்குகிற இடம், உப்பு ஏற்றுகிற இடம், பாய் தைக்கிற இடம்.

துறைகளின் சங்கிலியில் அது ஒரு கண்ணி என்றும் நினைவில் வைக்க வேண்டும். மேற்கே மாதகலில் சம்பில்துறை. சங்கமித்தை வெள்ளரசங்கிளையோடு இறங்கியதாக மகாவம்சம் சொல்லும் சம்புகோளம் அதுதான் என்பார்கள். ஊர்காவற்றுறை அதைவிடத் தெளிவான சாட்சியோடு நிற்கிறது. முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் நயினாதீவில் தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று உண்டு. பரதேசிகள் ஊராத்துறைக்குத்தான், அதாவது இந்த ஊர்காவற்றுறைக்குத்தான், வரவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மற்ற மூன்று பங்கும் உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. எனக்கு இந்தக் கல்வெட்டு மிகவும் பிடிக்கும். கப்பல் உடைவதை விபத்தாக அல்ல, மழை வெயில் மாதிரி எப்போதும் நடக்கிற காரியமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு கப்பல் ஓடியிருந்தால் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கும்!

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர், பிறகு 1795இல் ஆங்கிலேயர். இவர்கள் எல்லாருக்கும் வேண்டியிருந்தது யானை, புகையிலை, சாயவேர், முத்து, வரி. அந்த விவரங்களுக்குள் நான் போகவில்லை. தொண்டைமானாற்றைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை ஆயிற்று. பரவையில் தானாக விளைந்து கிடக்கிற உப்பை ஒரு பெட்டி அள்ளினாலும் குற்றம். எந்த உப்புக்காக அந்த வாய் வெட்டப்பட்டதோ, அந்த உப்பை அந்தக் கரையிலிருந்தவர்களே தொடக்கூடாது என்றானது.

உப்புப் போனாலும் கப்பல் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளும்தான் வடமராட்சிக் கப்பலோட்டத்தின் நல்ல காலம். வல்வெட்டித்துறை அதற்குத் தலை. தொண்டைமானாறு அதன் மேற்குத் தோள். இரண்டுக்கும் இடையில் நடக்கிற தூரம்தான். சம்பந்தம் கலந்த குடும்பங்கள், சேர்ந்து முதல் போட்ட கப்பல்கள். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போயிற்று. பனைமரம் தமிழ்நாட்டுக் கரைக்குப் போயிற்று. திரும்பும்போது ஓடு, துணி, நெல். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும். யாழ்ப்பாணம் தன் சோற்றுக்குத் தானே விளைவித்த நாடல்ல, புகையிலையை விற்று அரிசி வாங்கிய நாடு. அந்த அரிசி பாய்மரத்தில்தான் வந்தது.

என் அம்மப்பா பதினான்கு வயதில் அப்படி ஒரு கப்பலில் சமையற்காரருக்குக் கைப்பிள்ளையாக ஏறியவர். தண்டயலாக, அதாவது கப்பல் தலைவனாக, வரவேண்டும் என்ற ஆசை இருந்ததாம், வரவில்லை. பர்மாவுக்குப் போவது சோழகத்தில், திரும்புவது வாடையில் என்று அவர் சொல்லும்போது விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டுவார். எங்கள் வீட்டில் அவர் விட்டுப்போனது இரண்டு சாமான். ஒன்று தேக்குப் பெட்டகம். மூடியில் பித்தளைப் பூ வேலை. மற்றது ஓர் ஈயக்குண்டு. அகப்பைக் காம்பு நீளம், மேலே கயிறு கோக்க ஒரு துளை, அடியில் ஒரு குழி. அம்மா அதைக் குசினிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தா. குழி எதற்கு என்று சின்ன வயதில் அம்மப்பாவிடம் நான் கேட்டேன்.

"அதுக்குள்ள கொழுப்பு அப்பி இறக்கிறது, தம்பி. கீழ என்ன கிடக்கோ அது ஒட்டிக்கொண்டு வரும். மணல் வந்தால் ஒரு இடம், சேறு வந்தால் ஒரு இடம், சிப்பித்தூள் வந்தால் கோடியக்கரை கிட்ட எண்டு தண்டயல் சொல்லுவார். இருட்டில வேற எப்படித் தெரியும்?"

ஆழத்தைக் கயிற்றில் பாகக் கணக்கில் அளந்தார்கள். இடத்தைக் கொழுப்பில் ஒட்டிய மண்ணை வைத்துக் கண்டுபிடித்தார்கள். சிலர் அந்த மண்ணை நாக்கில் வைத்தும் பார்ப்பார்களாம். பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். அடிமண்ணைத் தெரிந்தவனுக்கு அது எழுதி வைத்த படம் மாதிரி.

கப்பல் கட்டியதும் இந்தக் கரைகளில்தான். வேம்பும் இலுப்பையும் முக்கியமான மரங்கள். வளைவுக்கு வளைந்த கொம்பாகவே தேடி எடுப்பார்கள். நேர்மரத்தை வளைப்பதைவிட, வளர்ந்தபோதே வளைந்த மரம் உறுதி. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றுவது கலப்பத்து வேலை. வெளியே சுறா எண்ணெய். கப்பல் கட்டுகிற இடத்தை மூக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பார் அம்மப்பா. வரைபடம் கிடையாது. தலைமைத் தச்சரான மேத்திரியாரின் தலைக்குள்தான் முழுக் கப்பலும்.

இப்படிக் கட்டிய கப்பலுக்கு என்ன தரம் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு கதை இருக்கிறது. வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர், அதற்கு முன் ஸ்வாப் என்ற சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர், வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யைப் பார்த்து வாங்கினார். வேப்பமரக் கப்பல், 89 அடி நீளம். தன் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயரை மாற்றினார். செங்கடல், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் என்று தாண்டி 1938 ஆகஸ்டில் அது அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. ஓட்டிப்போனவர்களில் ஐந்து பேர் வல்வெட்டித்துறைக்காரர்கள். வடமராட்சியில் இதைப் பெருமையாகச் சொல்லாத வீடு இல்லை, நானும் சொல்கிறேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் ஒரு நெருடல். அந்தக் கப்பல் ஏன் விற்கப்பட்டது? முப்பதுகளின் நடுவில் பாய்க்கப்பல் ஒன்றை நல்ல விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடுகிற நிலை வந்திருந்தது. அந்தப் பயணம் உச்சம் என்று நாம் நினைக்கிறோம். கப்பல் வைத்திருந்தவன் கண்ணால் பார்த்தால் அது சரக்கை விற்றுத் தீர்க்கிற காலம்.

ஏனென்றால் அதற்கு முன்பே தரையில் ஒன்று நடந்துவிட்டது. 1905இல் ரயில் காங்கேசன்துறை வரை வந்தது. கொழும்பில் இறங்கிய அரிசி மூடை இரண்டு நாளில் யாழ்ப்பாணம் வந்து சேரும் என்றால், வாடை ஓயும்வரை காத்திருக்கிற கப்பலை யார் நம்புவார்? ரயிலுக்குக் காற்று வேண்டாம். சின்னத் துறைகளின் சரக்கு மெல்ல மெல்லக் காங்கேசன்துறைக்கும் கொழும்புக்கும் ஒழுகத் தொடங்கியது. புகையிலைக்குத் திருவிதாங்கூரில் முன்போல மவுசு இல்லை. 1942 மார்ச்சில் யப்பானியர் ரங்கூனைப் பிடித்ததோடு பர்மா அரிசி அடியோடு நின்றது. அந்த வருஷங்களில் யாழ்ப்பாணம் மரவள்ளிக்கிழங்கும் ஒடியலும் தின்றது. அம்மப்பா அதற்குப் பிறகு கப்பல் ஏறவில்லை. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார், துலா மிதித்தார். கடலைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் குரல் மாறும்.

பிறகு கடதாசி வந்தது. 1948க்குப் பிறகு கோடியக்கரை வேறு நாடு, வல்வெட்டித்துறை வேறு நாடு. குடியுரிமைச் சட்டம், கடவுச்சீட்டு, விசா, சுங்கம். காலை வெளிக்கிட்டால் நல்ல காற்றில் அன்றைக்கே போய் இறங்கக்கூடிய கரைக்குப் போக, கொழும்பில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அதே தோணி, அதே காற்று, அதே குடும்பம், அதே துணி மூட்டை. நேற்று வரை வியாபாரம், இன்றைக்குக் கள்ளக்கடத்தல். வல்வெட்டித்துறையைக் "கடத்தல்காரர் ஊர்" என்று தெற்கிலே ஒரு காலத்தில் எழுதித் தள்ளினார்கள். கடத்தல் நடக்கவில்லை என்று நான் வாதாட வரவில்லை, நன்றாகவே நடந்தது. ஆனால் எல்லைக்கோடு அவர்கள் போட்டதல்ல. அவர்கள் போய் வந்த வழியின் நடுவில் யாரோ வந்து போட்டது.

இதெல்லாம் வடகரை முழுவதுக்கும் பொது. தொண்டைமானாற்றுக்கு மட்டும் இன்னொன்று நடந்தது. அது எனக்கு மிக விசேஷமாகப் படுகிறது: வாயை அடைத்தார்கள்.

காரணம் தண்ணீர். குடாநாட்டின் கிணறுகளில் நன்னீர், உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிற ஒரு படைதான். மேலே இறைக்க இறைக்க, கீழிருந்து உவர் ஏறும். போதாக்குறைக்குக் கடல்நீரேரிகள் வழியாகக் கடல் உள்ளே வந்து பக்கவாட்டிலும் கரிக்க வைக்கும். கடல்நீரேரியின் வாயை மூடி, மழைநீரை உள்ளே தேக்கி, வருஷக்கணக்கில் உப்பைக் கழுவிவிட்டால் அது நன்னீர் ஏரியாகும், சுற்றியுள்ள கிணறும் தோட்டமும் பிழைக்கும் என்ற யோசனை ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இருந்தது. சுதந்திரத்தை ஒட்டி வேலை தொடங்கி, 1950களின் முதற்பாதியில் தொண்டைமானாற்றில் பாலத்தோடு சேர்த்து உவர்நீர்த் தடுப்பணை எழுந்தது. வரிசையாகக் கண்கள், கண்ணுக்குக் கண் மரப்பலகைக் கதவு. மாரியில் உள்ளே வெள்ளம் ஏறினால் கதவைத் தூக்கிக் கடலுக்கு விடுவது. மழை முடிகிற நேரம் பார்த்து இறக்கிவிடுவது. கோடையில் வெயிலில் உள்நீர் வற்றிக் கடல் மட்டத்துக்குக் கீழே போகும். அப்போது கடல் உள்ளே தள்ளப் பார்க்கும், கதவு தடுக்கும்.

தாளில் அழகான திட்டம். மரத்தை உப்பு தின்றது. பலகை உளுத்தது, இடுக்கு விழுந்தது, கடல் ஒழுகியது. பிறகு பராமரிப்பு இல்லாத நீண்ட போர்க்காலம். அதற்கு மேலே மனுசர் சண்டை: கரை வயல்காரருக்கு வெள்ளம் ஏறியவுடன் கதவு திறக்க வேண்டும், தோட்டக்காரருக்கு நன்னீர் நிற்க வேண்டும், கடல்நீரேரியில் வலை போடுகிறவருக்குக் கடல் உள்ளே வந்தால்தான் இறால் வரும். மூவர் சொல்வதும் நியாயம். கதவோ ஒன்று.

கப்பலுக்காகத் திறந்த வாயைக் கிணற்றுக்காக மூடினோம் என்று நான் சொல்வேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. மூடியபோது உள்ளே வர ஒரு கப்பலும் மிச்சமிருக்கவில்லை என்பதும் உண்மை. கப்பல்கள் இன்னும் வந்துகொண்டிருந்தால் அந்த இடத்தில் அணை கட்ட ஊர் விட்டிருக்காது.

அந்தக் காலத்தில்தான், 1954இல், தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு, 27 மணி நேரம். அந்த நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர். பின்னர் 1971இல் வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன் 51 மணி நேரத்தில் போய்த் திரும்பினார். கப்பல் போக முடியாமற் போன வழியில் ஆள் நீந்திப் போயிருக்கிறான் என்று அம்மப்பா ஒருமுறை சொன்னார். பகிடியாகத்தான் சொன்னார்.

போரைப் பற்றிச் சுருக்கமாக. 1987 மே மாதம் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை வந்தபோது இந்த நீரைக் கடந்துதான் படை வந்தது. 1990க்குப் பிறகு மேற்குப் பக்கம், பலாலியைச் சுற்றி, உயர்பாதுகாப்பு வலயம். மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்தது 2017 ஜூலையில்தான். இடைப்பட்ட காலம் முழுவதும் கரையோர வீதி முள்கம்பியில் போய் முடிந்தது. மீன்பிடிக்கே பாஸ் எடுத்துப் போன காலம். துறைமுகம் என்ற பேச்சுக்கு இடம் ஏது?

துறையிலிருந்து மிச்சமானது எது என்றால், கோயில். செல்வச்சந்நிதி முருகனை ஆற்றங்கரையான் என்றும் அன்னதானக் கந்தன் என்றும் கூப்பிடுவார்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை இங்கிருந்துதான் வெளிக்கிடும். பூசை செய்வது பிராமணர் அல்ல. மருதர் கதிர்காமர் என்ற, இந்த ஆற்றில் மீன் பிடித்த ஒருவரின் வழியில் வந்தவர்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் இல்லாமல், மௌனமாகச் செய்வார்கள். ஆலமிலைகளில் சோறும் கறியும் படைப்பார்கள். முதல்முறை பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அது புதினமாக இருக்கும். எனக்கு அதுதான் இந்த ஊரின் வரலாற்றுச் சாட்சி. சாதி பார்ப்பதில் பேர்போன யாழ்ப்பாணத்தில், கடற்தொழில் செய்யும் கரையாரின் கையால் திருநீறு வாங்க எல்லாச் சாதியும் வரிசையில் நிற்கிற கோயில் ஒன்று துறைமுகத்தில்தான் உண்டாகியிருக்க முடியும். (பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குத் தொண்டைமானாறு என்றால் அங்குள்ள வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சையின் வினாத்தாள்தான் முதலில் ஞாபகம் வரும். அந்தத் தாளின் பௌதிகவியல் என்னைச் சந்நிதியில் கற்பூரம் கொளுத்த வைத்தது என்பது வேறு கதை.)

சரி, இனி ஒரு விசித்திரம். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ஐம்பதுகளில் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று ஒரு திட்டம் போட்டார். வன்னியில் ஓடி வந்து ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகிறது கனகராயன் ஆறு. ஆனையிறவில் அணை போட்டு அந்த நீரைத் தேக்கி, முள்ளியானில் நாலு கிலோமீற்றர் சொச்சம் ஒரு கால்வாய் வெட்டி, வடமராட்சிக் கடல்நீரேரிக்குள் விட வேண்டும். அதன் கடைசி வாய் எது? தொண்டைமானாறு. சில பகுதிகள் கட்டினார்கள். முள்ளியான் கால்வாய் முடியாமல் நின்றது. அது ஒரு நாள் முடிந்தால், வன்னி மழை குடாநாட்டுக்குள் ஓடி வந்து இந்தக் கதவுகளின் வழியே கடலில் சேரும். ஆயிரம் வருஷமாக ஆறு என்று சும்மா பேர் வைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் ஆறாகும்.

துறைமுகம் எங்கே போயிற்று என்று பார்க்க நினைத்தால் கோடையில் போகாதீர்கள்; வெயிலும் உப்புப் பொருக்கும்தான் தெரியும். கார்த்திகை மார்கழியில், மழை நாலு நாள் விடாமல் பெய்து கதவு திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன் போங்கள். உள்நீர் தேத்தண்ணி நிறத்தில் இரைந்துகொண்டு கடலுக்குள் பாயும். பாலத்தின் கடல் பக்கத்தில், இடுப்பளவு நீரில், வீச்சுவலையோடு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மீன் அப்போது ஓட்டத்துக்கு எதிராக ஏறப் பார்க்கும். ஒருவர் வலை எறிந்தால் மற்றவர் தன் வலை அதில் சிக்காமல் ஒரு கணம் பொறுத்து எறிவார். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கரையில் நிற்கிற சிறுவன் பிளாஸ்டிக் வாளியில் ஓரா, திரளி, இறால் என்று பிரித்துப் போடுவான். விலை கேளுங்கள், பேரம் பேசாதீர்கள். பத்து நிமிஷத்தில் சந்நிதிக்குப் போகிற சனம் முழுவதையும் வாங்கிவிடும் (வெள்ளிக்கிழமை தவிர).